கன்னியப்பன் வேலை

பம்பாயில் இருக்கும் என் பிள்ளைக்கு உன் தகப்பன் எழுதுவது.

எந்தக் கடிதத்தையும் இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் பழக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வரியை எழுதி எழுதிக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் அது இல்லாமலே இதை எழுதுகிறேன். சீமைக்குக் கப்பலேறப் போவதாகவும், அங்கே எஞ்சின் வேலையை முறையாகப் பழகிவிட்டுத் திரும்பச் சில வருஷங்கள் ஆகும் என்றும், புறப்படுவதற்கு முன் ஊருக்கு வந்துபோக நேரமில்லை என்றும் நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேரமில்லை என்ற இடத்தில் மட்டும், "அத்த இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன். "நேரம் கீது. மனசுதான் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதப்பா. எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் அன்று அதைக் குவித்து வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான். சொல்லமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். ஏன் மீறினேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், நாம் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசாத அந்தக் காரியத்தை நான் முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதுகிறாரே என்று நினைக்காதே. கணக்கில் விடை தப்பாக வந்தால், பையனை முதல் வரியிலிருந்து மறுபடி போடச் சொல்வேன். எந்த இடத்தில் தவறினோம் என்று அப்போதுதான் தெரியும்.

யுத்தம் வந்து ஆவடியில் பட்டாளத்து முகாம் எழும்பியபோது உனக்கு அங்கே வேலை கிடைத்தது. சிப்பாய்களின் கக்கூஸ் தண்ணீரை எல்லாம் குழாய் வழியே கொண்டுபோய் மூடிய தொட்டிகளில் தேக்கி, அதிலிருந்து எழும்பும் காற்றைப் பிடித்து, அந்தக் காற்றை எரித்து எஞ்சின் ஓட்டி, அதில் கரண்டு எடுக்கிறார்கள் என்று நீ முதல் நாள் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. "இட்லி மாவு ஏன் நைனா பொங்குது? புளிச்சா உள்ள காத்து ஊறுது இல்ல? இதுவும் அதே கததான். தொட்டிய மூடி வெச்சா காத்து மேல வந்து நிக்குது. அது எரியும்" என்றாய். உதாரணம் சொல்லிப் புரியவைக்கும் வழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. ஆனால் கேட்பவர்களுக்குத் தகுந்த உதாரணத்தைப் பொறுக்க வேண்டும் என்பது வரவில்லை. மறுநாள் விருந்துக்காக ஆட்டி வைத்திருந்த மாவை உன் அம்மா அப்படியே கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். உன் தம்ளர் தனியாக ஆணியில் தொங்கியது. யார் கேட்டாலும் உனக்கு மிலிட்டரி கரண்டு ஆபீசில் உத்தியோகம் என்று சொல்லுவாள். அம்பத்தூர்ச் சந்தையில் உன் மாமன் நாலு பேர் நடுவில், "இன்னா மாப்ள, பீ காத்துல வெளக்கு எரிக்கிறியாமே? கல்யாணத்துக்குப் பொண்ணு தேடணும்னா மூக்கில்லாத பொண்ணாத்தான் தேடணும்" என்றபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் மனம் நோகும்படி எதையும் சொல்லக் கூடாது என்பது நம் வீட்டின் சட்டமாக இருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனபின், அவளிடம் எது பேசுவதானாலும் மெல்லப் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்று உன்னைச் சின்ன வயதிலிருந்தே பழக்கினேன். ஊர்ப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துக் காட்டிய வாத்தியார் வீட்டில், ஒருவர் தப்பை ஒருவர் சுட்டிக்காட்டாமல் இருப்பதற்கு அன்பு என்று பெயர்.

நான் ஒருமுறை கொட்டகைக்கு வந்து பார்த்தேனே, அன்றுதான் கன்னியப்பனை முதலில் கண்டேன். முகாம் வேலிக்கு வெளியே தொட்டிகளோடு தனியாக நின்றது அந்தக் கொட்டகை. அவன் பக்கத்துச் சேரிக்காரன். அவன் தகப்பன் நம் பங்காளிகளின் கழனியில் ஏர் ஓட்டியவன். நீயும் அவனும் ஒரே எண்ணெய்த் துணியில் மாறி மாறிக் கையைத் துடைத்துக்கொண்டீர்கள். "வாத்தியாரே, பயப்படாத வாங்க. பட்டாளத்தான் துன்ற பிஸ்கோத்தெல்லாம் கடசில இங்கதான் வெளக்கா எரியுது. சாப்பாடு நல்லா இருந்தா வெளிச்சமும் நல்லா இருக்கும்" என்றான். அழுகிய முட்டை நாற்றம் ஒன்று அந்தக் காற்றோடு வரும் என்றும், அதைப் பிரிக்காமல் எஞ்சினுக்கு விட்டால் உள்ளே இருக்கும் பித்தளையை அரித்துத் தின்றுவிடும் என்றும், எண்ணெய் கெட்டு உருளைகள் தேய்ந்துபோகும் என்றும் நீங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னீர்கள். அதைப் பிரிக்க ஒரு பெரிய பெட்டி. அதற்குள் துருப்பிடித்த இரும்புத் தூளை மரச்சீவலோடு கலந்து அடைத்திருந்தீர்கள். காற்று அதன் வழியே போகும்போது நாற்றத்தைத் துரு பிடித்துக்கொள்ளும். நாளாக ஆகச் சிவப்புத் துரு கறுத்துப்போகும். கறுத்ததை வெளியே எடுத்து மெல்லிசாகப் பரப்பி வைத்தால், அது மறுபடி மூச்சு வாங்கிச் சிவந்து வேலைக்கு வரும்.

"குவிச்சு மட்டும் வெக்கக் கூடாது நைனா. குவிச்சா உள்ளயே சூடேறி, தானா தீப்பிடிச்சுக்கும்" என்றாய். எனக்கு உடனே புரிந்தது. ஈர வைக்கோலைப் போராகப் போட்டுவிட்டு, உள்ளே கையை விட்டுச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எஞ்சினைப் பற்றி நிறையச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அவள் ஒருநாள் அங்கே வருவாள் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் வரக் காரணம் மண்ணெண்ணெய்ப் பஞ்சம். நம் ஊர் கள்ளிக்குப்பம் முழுக்க இருட்டிக் கிடந்த அந்த மாசங்களில், நம் கொல்லையில் நின்றால் ஆவடிப் பக்கம் வானம் வெளுத்துத் தெரியும். ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அதுல அவன் வெளக்கு எது?" என்று என்னைக் கேட்டாள். எல்லாமே அவன் விளக்குதான் என்றேன். அடுத்த வாரம் ஆணியில் தொங்கிய தம்ளர் மற்ற தம்ளர்களோடு வந்து உட்கார்ந்தது. ஆயுத பூசைக்கு வீட்டாரை அழைத்து வரலாம் என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "பொரி நம்ம ஊட்லேந்து எட்த்தாரேன். அங்க வாங்காத" என்றாள். உன் முகம் அன்று எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

அந்த நாளை நான் நிதானமாகத்தான் எழுத வேண்டும். வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். கன்னியப்பன் ஓடி வந்து பொரிக் கூடையை வாங்கிக்கொண்டு, "வாத்தியாரூட்டம்மா மெய்யாலுமே வந்துட்டாங்கப்பா! தம்பி நேத்துலேந்து தொடச்ச எடத்தையே தொடச்சிகினு கீது" என்றான். உன் அம்மா, "நீதான் கன்னியப்பனா? இவன் தூக்கத்துல கூட உன் பேரத்தான் சொல்றான். எங்கிட்ட பேசற பேச்செல்லாம் சேத்து உங்கிட்ட பேசிடறான் போலகீது" என்றாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். எஞ்சின் பூசைக்காக நின்றிருந்தது. அவன் உள்ளே சக்கரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். நீ வாழைக்கன்று வெட்டி வரப் போயிருந்தாய். நான் வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா புது விளக்குமாற்றோடு கொட்டகையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே பின்பக்கம் போனாள். மழைக்காக ஓலைச் சார்ப்பு இறக்கியிருந்த இடத்தில், முதல் நாள் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்புத் தூள் பரப்பிக் கிடந்தது. "சாமி கும்புடற எடம். இன்னா இப்டி கரியும் சீவலும் எறைஞ்சி கெடக்குது" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. உன் தம்ளரைத் தொட மறுத்தவள், கூசாமல் அதையெல்லாம் தன் கையால் கூட்டி, சார்ப்பு ஓரமாகக் கூம்பு போலக் குவித்து, அசிங்கம் கண்ணில் படக் கூடாது என்று மேலே ஒரு கோணிச் சாக்கையும் போர்த்தினாள். பெருக்கிய இடத்தில் சாணம் தெளித்துக் கோலம் போட்டாள். பொங்கலுக்குக் கூட அவள் அவ்வளவு பெரிய கோலம் போட்டு நான் பார்த்ததில்லை. நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது கோலம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

நீ வாழைக்கன்றோடு வந்தாய். கோலத்தைப் பார்த்தாய். சாக்கைப் பார்த்தாய். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "நல்லா கீதாடா?" என்றாள். நீ வாயைத் திறந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, "நல்லா கீதும்மா" என்றாய். அந்தக் குவியலைக் கலைத்துப் பரப்ப வேண்டுமானால் கோலத்தின் மேல்தான் பரப்ப வேண்டும், வேறு இடமில்லை. நான் பக்கத்தில் வந்து, "இன்னாப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல நைனா. பூசை முடியட்டும்" என்றாய்.

எஞ்சினைப் பற்றி நீ எனக்குச் சொன்ன பாடம் ஒன்று இருக்கிறது. "அதுகிட்ட மரியாதை பாக்கக் கூடாது நைனா. சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஒடனே நிறுத்தணும். அப்புறம் பாத்துக்கலாம்னா அப்புறம் எஞ்சினே இருக்காது" என்பாய். ஆயிரம் விளக்கு அணைந்தாலும் அணையட்டும் என்று எஞ்சினை நிறுத்தத் தெரிந்த உனக்கு, ஒரு கோலத்தை அழிக்க மனம் வரவில்லை. இதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் என் துக்கம்.

பூசை முடிந்தது. கற்பூரத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி வைத்துக் காட்டினீர்கள்; அந்த ஜாக்கிரதையெல்லாம் இருந்தது. எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, பட்டப்பகலில் அவளுக்காக ஒரு பல்பை எரித்துக் காட்டினாய். அவள் கன்னியப்பனுக்கும் உனக்கும் ஒரே கூடையிலிருந்து பொரி அள்ளிக் கொடுத்தாள். எங்களை வண்டியில் ஏற்றிவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் நீ கூட வந்தாய். ஆனால் அவள் வண்டியில் ஏறவில்லை. உன்னோடு நடந்தாள். தொட்டி எத்தனை ஆழம், காற்று குழாயில் போவது எப்படித் தெரியும், வேலை கஷ்டமா, கன்னியப்பனுக்கு எத்தனை குழந்தைகள் என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். அந்த வேலைக்குப் போனதிலிருந்து அவள் உன்னைக் கேட்ட முதல் கேள்விகள் அவை. அந்தப் பேச்சை முறித்துக்கொண்டு யாரால் திரும்ப முடியும்? திருமுல்லைவாயில் சாலை பிரியும் இடத்துக்கு வந்தபோது அவள்தான், "இன்னாது அங்க பொகை?" என்றாள். நீ திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாய்.

எரியும் நெடி வந்து கன்னியப்பன் பின்பக்கம் போயிருக்கிறான். சாக்கைப் பிடித்து இழுத்ததும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றி, ஓலைச் சார்ப்பில் தாவிவிட்டது. அவன் ஓடியிருக்கலாம். தொட்டியிலிருந்து காற்று வரும் குழாயின் வால்வு அந்தச் சார்ப்புக்குக் கீழேதான் இருந்தது. எரிகிற ஓலை மேலே விழ விழ நின்று, அதை முழுக்க மூடிவிட்டுத்தான் வெளியே வந்தான். மூடாவிட்டால் கொட்டகையே இருந்திருக்காது என்று நீயே சொன்னாய். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

விசாரிக்க வந்த துரைக்குக் காரியம் எளிதாக இருந்தது. அவனை எடுத்தபோது கையில் கருகிய சாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்குப் போட்டு மூடியவன் அவன்தான் என்று வைத்துக்கொண்டார். மூடியவன்தானே குவித்தும் இருப்பான்? குவித்தது இவன்தானா என்று உன்னைக் கேட்டார்கள். "நான் ஒண்ணும் சொல்லல நைனா. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சும்மா நின்னேன். அம்மா பேரு வாயில வரல" என்று ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் அழுதாய். அம்மாவிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்தாய். அந்த மாசமே பம்பாய்க்குப் போய்விட்டாய். இவளோ அந்த அழுக்குக் காற்றுதான் ஒரு உயிரைக் குடித்துவிட்டது, தன் பிள்ளை தப்பித்தானே என்று பச்சையம்மன் கோயிலுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடவே போய்த் திரியைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே நாங்கள் இருந்திருப்போம். போன மாசம் ஆவடி ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் முகாம் வேலைக்காரர்கள் இருவர். ஒருவன் சுருட்டு நெருப்பை அணைக்காமல் மூட்டைப் பக்கம் போட்டுவிட்டான். மற்றவன் அவன் முதுகில் தட்டி, "டேய், கன்னியப்பன் வேல பண்ணாத!" என்றான். இருவரும் சிரித்தார்கள். "யாருப்பா கன்னியப்பன்?" என்று கேட்டேன். "தெர்லீங்க. எவனோ இஞ்சினு கொட்டாய கொளுத்திகினு செத்தானாம். எவனாவது புத்தியில்லாத ஏதாச்சும் பண்ணா எங்காண்ட அப்டித்தான் சொல்றது" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்தது யுத்தம் முடிந்த பிறகு. கன்னியப்பனைப் பார்த்ததே இல்லை. எஞ்சினையும் கொட்டகையையும் காப்பாற்றிவிட்டுச் செத்தவனுடைய பெயர், அங்கே முட்டாள்தனத்துக்குப் பெயராகிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். சோற்றைத் தொடாமல் எழுந்தேன். என்ன என்று உன் அம்மா கேட்டாள். ஈர வைக்கோல் போர் எப்படிச் சூடேறும் தெரியுமா என்று தொடங்கினேன். உதாரணம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. நான் பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டேன். அவள் கையை உயர்த்தி, "போதும்" என்றாள். "அவன் பாத்தானா?" என்று கேட்டாள். பார்த்தான் என்றேன். "பாத்துட்டுமா நல்லா கீதுன்னான்?" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, பின்னாலேயே போனேன். நம் தெருப் பெண்கள் கால் வைக்காத அந்தச் சேரிக்குள் போய், கன்னியப்பன் வீட்டு வாசலில் நின்றாள். அவன் மனைவி பச்சையம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, "இன்னா வாத்தியாரூட்டம்மா, இந்தாண்ட?" என்றாள்.

உன் அம்மா முன்பின் எதுவும் சொல்லவில்லை. "அன்னிக்கு அத்த குமிச்சி வெச்சவ நானு. சாக்கு போட்டு மூடினவளும் நானுதான். உன் ஊட்டுக்காரரு இல்ல" என்றாள்.

பச்சையம்மாவுக்கு விளங்க நேரமாயிற்று. "அப்ப... அவரு பண்லியா?" என்றாள். இல்லை என்றாள் இவள். "அவரு மூடலியா?" இல்லை. "மெய்யாலுமே அவரு பண்லியா?" அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஒவ்வொரு முறையும் உன் அம்மா இல்லை என்று சொன்னாள். பிறகு பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில கெடக்கச்சொல்ல, 'வாத்தியாரூட்டம்மா நம்ம கொட்டாயில கோலம் போட்டுச்சி புள்ள, தேரு மாதிரி'ன்னு சொல்லிக்கினே இருந்தாரு. வலிய சொல்லல. அத்த சொன்னாரு" என்றாள். உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பச்சையம்மா மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம். "என் மாமியா சாவற வரிக்கும், எம் புள்ள இப்டி அறிவு கெட்டுப்போயி செத்தானேன்னு பொலம்பிகினு செத்துது. எம் பொண்ணு தண்ணிக் கொடத்த ஒடச்சிகினு வந்தா, அப்பன் புத்தின்றாளுங்க. இத்தினி நாளு கய்ச்சி எங்கிட்ட வந்து சொல்றியே, நான் இன்னா பண்றது இத்த வெச்சிகினு?" என்று கேட்டாள். உன் அம்மா, "ஊரெல்லாம் சொல்றேன். கேம்புல வந்து சொல்றேன்" என்றாள். "நீ சொன்னா ஆரு கேப்பாங்க? கேட்டப்ப வாயத் தொறக்காத நின்னுது பாரு, உம் புள்ள, அது வந்து சொல்லட்டும்" என்றாள் பச்சையம்மா. அந்தப் பேச்சில் அநியாயம் ஒரு சொல்கூட இல்லை.

ஆனாலும் நாங்கள் போய்ப் பார்த்தோம். கொட்டகையில் இப்போது இருக்கிற மேஸ்திரியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மரியாதையாக நாற்காலி போட்டான். கேட்டுவிட்டு, "வாத்தியாரே, செத்தவனுக்காக அவன் சம்சாரம் அழுவுதேன்னு பேசறீங்க. பெரிய மனசு" என்றான். உன் அம்மா அவன் எதிரில் நின்று, நான்தான் பெருக்கினேன் என்று சத்தமாகச் சொன்னாள். "வயசானவங்க, ஊட்டுக்கு இட்டுகினு போங்க" என்றான். உங்கள் பிள்ளை கூடவே இருந்தானே, அவனை விசாரித்தபோது அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். எத்தனை பையன்களை அந்தக் கேள்வி கேட்டிருக்கிறேன், அதற்கு முன் நான் அதன் எதிரில் நின்றதில்லை.

முகாமைக் குறைக்கிறார்கள். கொட்டகை ஆட்களைச் சீக்கிரமே ஆளுக்கொரு ஊராக மாற்றப்போகிறார்களாம். சுயராஜ்யம் வரப்போகிறது, இனி ஊருக்கு ஊர் இந்த மாதிரி எஞ்சின் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். ஆனால் இவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே போகும். எங்கேயோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, கன்னியப்பன் வேலை பண்ணாதே என்பான். அப்புறம் அதை யார் போய்த் திருத்துவது? ஒரு பையன் தப்பாக எழுதினால் திருத்தலாம். வகுப்பு முழுக்க அதைப் பார்த்து எழுதிக்கொண்டு கலைந்துபோன பிறகு திருத்த முடியாது.

அதனால்தான் கேட்கிறேன். கப்பலேறுவதற்கு முன் ஒருமுறை வா. பம்பாய் மெயில் ஆவடியில் நிற்காது. அரக்கோணத்தில் இறங்கிப் பாசஞ்சர் வண்டி பிடி. ஆவடியில் இறங்கியதும் நேராகக் கொட்டகைக்குப் போ. அத்தனை ஆட்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, குவித்தது உன் அம்மா, பார்த்தும் கலைக்காமல் விட்டது நீ, வால்வை மூடியது கன்னியப்பன் என்று சொல். நீ அந்தக் கொட்டகையில் வேலை செய்தவன். உன் சொல்லை நம்புவார்கள். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது, பச்சையம்மாவை அங்கே வந்து நிற்கச் சொல்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவள் காது கேட்கச் சொல்ல வேண்டும்.

உன் அம்மாவின் உடம்பைப் பற்றி உன்னிடம் மறைத்து இன்னொரு பொய்யைக் கட்ட எனக்குத் தெம்பில்லை. கால் வீங்கிவிட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு பலவீனம் என்கிறார் டாக்டர். நீ சீமையிலிருந்து திரும்பும்வரை இருப்பாளா என்று நான் அவரைக் கேட்டேன். மருந்தை விடாமல் கொடுங்கள் என்றார்.

இதைப் படித்ததும் முதலில் வீட்டுக்கு ஓடி வரத்தான் உனக்குத் தோன்றும். வராதே. நீ வந்தால் அவள் அழுவாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொள்வாய். அதற்குப் பிறகு அவள் பெயரை நாலு பேர் நடுவில் சொல்ல உனக்கு வாய் வராது. உன்னை எனக்குத் தெரியும். உன்னை அப்படி வளர்த்தவன் நான். அதனால் முதலில் நம் அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் வரவேண்டாம். ஸ்டேஷனில் வந்து நிற்கமாட்டேன். சொல்லி முடித்த பிறகு நேரமிருந்தால் வீட்டுக்கு வா. கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்றால், ஆவடியிலிருந்து அப்படியே திரும்பிப் போய்விடு. இதை நானாக எழுதவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்து, மூச்சு விட்டு விட்டுச் சொன்னது இது: "என்னிய பாக்காட்டி போவுது. அங்க போயிட்டுப் போச்சொல்லுங்க."

கதவைத் திறந்துதான் வைத்திருப்போம். வழி பார்க்கக் கூடாது என்று மட்டும் நானும் அவளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உன் தகப்பன்